மண்டபம் ரோட்டுப் பழக்கடை: அப்பாவுக்குப் பழமும் பாலும் திரும்பக் கிடைச்ச இடம்

ராம்நாட்டுல இருந்து ராமேஸ்வரம் போற ரோட்ல, உச்சிப்புளி தாண்டி மண்டபம் வர்றதுக்குள்ள ஒரு பெரிய வேப்பமரம், அதுக்கடியில தகரக் கொட்டகை, நாலு பெஞ்சு, முன்னாடி பழம் அடுக்குன ஸ்டாண்டு, பின்னாடி பால் அடுப்பு. அவ்வளவுதான் கடை. போர்டு கிடையாது, அதனால பேரு போட்டுத் தேட முடியாது, வேப்பமரத்தடி பழக்கடைன்னு கேட்டா ஆட்டோக்காரங்க காட்டிருவாங்க. எட்டு மாசமா வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை அப்பாவக் கூட்டிட்டுப் போய்க்கிட்டு இருக்கேன், ஒரு தடவை போய்ட்டு வந்து சூப்பர்னு எழுதுற ரிவ்யூ இல்ல இது. வீட்ல சுகர் இருக்கிறவங்க உண்டுன்னா முக்கியமா அவங்களுக்காகத்தான் எழுதுறேன், நாங்க ஆறு மாசம் விவரம் தெரியாம பட்ட பாட்டை இன்னொருத்தங்க படவேண்டாம்.

அப்பாவுக்கு 67 வயசு. நாப்பது வருசம் போட்ல போன ஆளு, ஒரு காய்ச்சல் தலைவலின்னு படுத்ததில்ல. கால்ல ஒரு புண்ணு ஆறவே மாட்டேங்குதுன்னு ரத்தம் எடுத்துப் பாத்தா ஹெச்பிஏ1சி 8.4, அதாவது மூணு மாசத்துச் சர்க்கரையோட சராசரி. 6.5 வந்தாலே சர்க்கரை நோய்னு கணக்கு, அப்ப 8.4ன்னா எங்களுக்கு எப்படி இருந்திருக்கும். அன்னைக்குச் சாயங்காலமே சொந்தக்காரங்க வந்து ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாக. பழத்தக் கண்ணுல காட்டாத, பால்லயும் சர்க்கரை இருக்காம் அதையும் நிப்பாட்டு, சித்தி ஒருபடி மேல போய் கொய்யாகூட வேணாம்டின்னுட்டாக. நாங்களும் நிப்பாட்டிட்டோம். கடலுக்குப் போய்ட்டு வந்ததும் ஒரு சொம்பு பால் குடிக்கிறது அப்பாவுக்குச் சின்ன வயசுப் பழக்கம், அதை ஒரே நாள்ல நிப்பாட்டுனப்ப அவுக ஒண்ணும் சொல்லல, ஆனா முகம் சுண்டிப் போச்சு. அந்த இடத்துக்கு என்ன வந்துச்சு தெரியுமா, பசிக்கு ரஸ்க்கு, பிஸ்கட்டு, மூணு வேளைக்கும் கருப்பட்டிக் காப்பி. கருப்பட்டி நம்மூரு சாமான், பனையில இருந்து வர்றது, அது உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு எல்லாரும் சொன்னாக, நாங்களும் நம்புனோம். மூணு மாசம் கழிச்சு டெஸ்ட்டு எடுத்தா 8.6, ஏறித்தான் இருக்கு.

டாக்டரம்மா ரிப்போர்ட்டப் பாத்துட்டு என்ன சாப்பிடுறீங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க, கேட்டுட்டு, பழத்த யாரு நிப்பாட்டச் சொன்னது, கருப்பட்டிய யாரு போடச் சொன்னதுன்னு திட்டினாங்க. முழுப் பழத்துக்குள்ள இருக்கிற சர்க்கரையும் வெறும் பாலுக்குள்ள இருக்கிற சர்க்கரையும் ஒரு வகை, நீங்க கரண்டியில அள்ளிப் போடுறது இன்னொரு வகை, அது சீனியா இருந்தாலும் கருப்பட்டியா இருந்தாலும் தேனா இருந்தாலும் ஒண்ணுதான், மொத வகைய அளவாச் சாப்பிடுங்க, ரெண்டாவத விட்டுருங்கன்னாங்க. இந்த ஒரு வரிய வச்சுத்தான் அதுக்கப்புறம் எல்லாமே மாறுச்சு.

ஆனா வெளிய போய் இத வாங்கிச் சாப்பிடுறது லேசு இல்ல. டவுன்ல ஒரு ஜூஸ் கடை, எந்தக் கடைன்னு சொல்லப் போறதில்ல, அங்க போய் சீனி போடாம ஒரு சாத்துக்குடி ஜூஸ்னு தெளிவாச் சொன்னேன். ஒரு வாய் குடிச்சுட்டு அப்பா, இனிப்பா இருக்கேத்தான்னாக, பழமே இனிப்பா இருக்கும்ப்பா குடிங்கன்னு நாந்தான் சொன்னேன். ராத்திரி தல சுத்துது தண்ணி தாகமா இருக்குன்னு எந்திரிச்சாக, வீட்ல இருக்கிற சர்க்கரை பாக்குற மெஷின்ல விரலக் குத்திப் பாத்தா 291. மறுநாள் அந்தப் பக்கம் போறப்ப நின்னு பாத்தேன், மிக்சிக்குப் பக்கத்துல ஒரு கேன்ல சீனிப்பாகு கரைச்சு வச்சிருக்காங்க, ஒவ்வொரு ஜூஸுக்கும் பழக்கதோசத்துல ஒரு கரண்டி ஊத்துறாங்க. கேட்டா, சீனி போடலையேக்கா, பாகுதான்னு அந்தத் தம்பி சொல்லுது. பொய் சொல்லணும்னு சொல்லல, அதுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க, ஆனா அதோட விலை எங்க வீட்ல ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கம் போச்சு. ஏன் அந்த மெஷின எடுத்துட்டே போயி மூஞ்சிக்கு நேரா காட்டலைன்னு இன்னைக்கும் மனசு அடிச்சுக்கும்.

அந்த நேரத்துலதான் மண்டபம் ரோட்டுல இந்தக் கடை கண்ணுல பட்டுச்சு. கடைக்காரரு கீழக்கரைக்காரரு, எல்லாரும் காக்கான்னுதான் கூப்பிடுறது, அவுக பக்கம் அண்ணன்னு அர்த்தம், நாங்களும் அப்படியே. மொத நாள் நான் ரொம்ப ஜாக்கிரதையா, சீனியும் வேணாம் பாகும் வேணாம் கண்டென்ஸ்டு மில்க்கும் வேணாம்னு ஒரே மூச்சுல சொன்னேன். அவரு என்னையப் பாத்துட்டு அப்பாவப் பாத்துட்டு, ஐயாவுக்குச் சுகரா தங்கச்சின்னு கேட்டாரு. ஆமான்னேன். அப்ப ஜூஸே வேணாம், உக்காருங்கன்னுட்டு, செங்காய்ப் பதத்துல ஒரு கொய்யா எடுத்தாரு, பழுத்தும் பழுக்காம மேல லேசா மஞ்ச ஏறி, காம்புப் பக்கம் இன்னும் பச்சையா. கழுவித் தொடச்சு நாலாக் கீறி, தோலும் சீவல, விதையும் எடுக்கல, ஒரு தட்டுல வச்சு, பக்கத்துல ஒரு சிட்டிகை முண்டு மிளகாப்பொடி, உப்பு ரொம்பக் கம்மி. நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு குடுத்தாங்கல்ல, அந்த மிளகாதான், காரம் சுருக்குன்னு ஏறாம மெதுவா ஏறும், கொய்யாவுக்கு அதுக்கு மேல ஒரு ஜோடி கிடையாது. அப்பா மொதத் துண்டக் கடிச்சப்ப அந்த நறுக்குங்கிற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. ஆறு மாசத்துக்கப்புறம் ஒரு பழம். நாலு துண்டு தின்ன பத்து நிமிசம் ஆச்சு.

காக்காவோட உம்மாவுக்கு, அதாவது அம்மாவுக்கு, இருவது வருசமா சுகராம், அதனால அவருக்கு எல்லாம் அத்துப்படி. சீனி டப்பாவ முன்னாடி மேசையில வைக்கிறதே இல்ல, உள்ள அடுப்புக்கு மேல பரண்ல இருக்கு, கேக்குறவங்களுக்கு மட்டும் எடுத்துக் குடுப்பாரு. இந்தக் கடையில எனக்கு ரொம்பப் பிடிச்ச விசயம் இதுதான். மத்த இடத்துல வேணாம்னு நாம சொல்லணும், இங்க வேணும்னு சொன்னாத்தான் வரும்.

இப்ப பழத்தப் பத்தி நான் தெரிஞ்சுக்கிட்டத சொல்லிர்றேன், அங்க போனா எத எடுக்கணும்னு தெரியும். பழத்துல குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், அப்புறம் நம்ம சீனியில இருக்கிற அதே சுக்ரோஸ், இந்த மூணு வகைச் சர்க்கரையும் பழத்துக்குப் பழம் வேற வேற அளவுல கலந்து கிடக்கு. 100 கிராமுக்கு மொத்தமா பாத்தா தர்பூசணி சுமார் 6 கிராம், பப்பாளி 8, கொய்யா 9, வாழைப்பழம் 12, மாம்பழமும் மாதுளையும் 14 பக்கம், திராட்சை 15க்கு மேல, பேரீச்சை 60க்கும் மேல. கொய்யாவ ஏன் எல்லாரும் சொல்றாங்கன்னா அந்த 9 கிராம் சர்க்கரையோட 5 கிராம் நார்ச்சத்தும் சேந்து வருது, அது வயித்துல சர்க்கரைய மெதுவா விடும். அதுவும் செங்காயா இருந்தா இன்னும் நல்லது, மெல்லவும் நேரமாகும், வயிறும் நெறையும். வாழைப்பழம் காயா இருக்கிறப்ப மாவு ஜாஸ்தி, பழுக்கப் பழுக்க அந்த மாவெல்லாம் சர்க்கரையா மாறிரும், அதனால தோல் கறுத்துப் போன பழத்த விட இப்பத்தான் மஞ்சளேறின சின்னப் பழம் மேல். காக்கா கிட்ட சொன்னா சின்னதா பொறுக்கிக் குடுப்பாரு. மாம்பழம் சீசன்ல வச்சிருப்பாரு, அப்பாவுக்கு ரெண்டு கீத்து, அதுக்கு மேல கேட்டாலும் தரமாட்டாரு, அப்பாவும் வாங்கிக்கிட்டு பேசாம இருந்துருவாக.

ஜூஸ் விசயத்துலதான் நெறையப் பேரு ஏமாந்து போறாங்க. சீனியே போடாட்டியும் ஜூஸ் வேற, பழம் வேற. ஒரு கிளாஸ் சாத்துக்குடி ஜூஸுக்கு மூணு பழமாவது வேணும், சிலசமயம் நாலு. மூணு சாத்துக்குடிய உரிச்சு சுளை சுளையா தின்னு பாருங்க, ரெண்டாவது பழத்துலயே போதும்னு ஆயிரும். அதையே பிழிஞ்சு சக்கையக் கூடையில போட்டுட்டா ரெண்டு நிமிசத்துல உள்ள போயிருது, இருவது கிராம் சர்க்கரை, தடுக்கிறதுக்கு நாரே இல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2015ல வச்ச கணக்குல, குறைக்கச் சொல்ற சர்க்கரைங்கிறதுல சீனி, தேன், பாகு இதுங்களோட பழ ஜூஸையும் சேத்துட்டாங்க, முழுப் பழத்தையும் பாலையும் சேக்கல. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள, அதாவது ஆறு டீஸ்பூன் பக்கம் வச்சுக்கிட்டா இன்னும் நல்லதுங்கிறாங்க. ஹார்வர்டுக்காரங்க அமெரிக்காவுல 1,87,000 பேருக்கு மேல வருசக்கணக்கா பாத்து 2013ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல போட்ட ஆய்விலயும் இதேதான், புளூபெர்ரி, திராட்சை, ஆப்பிள்னு முழுப் பழமா நிறையச் சாப்பிட்டவங்களுக்கு டைப் 2 சுகர் வர்றது கம்மியா இருந்துச்சு, ஜூஸா நிறையக் குடிச்சவங்களுக்கு ஜாஸ்தியா இருந்துச்சு. திராட்சையே அந்த நல்ல பட்டியல்ல இருக்குங்கிறத கவனிங்க, நம்ம வீடுகள்ல மொதல்ல விரட்டுற பழம் அதுதான்.

ஆனா அந்த ஜூஸே ஒரு நாள் உயிரக் காப்பாத்துறதையும் இங்கதான் பாத்தேன். ராமேஸ்வரம் போய்ட்டு வந்த ஒரு வேன் நின்னுச்சு, அதுல இருந்து இறங்குன ஒரு பெரியவரு பெஞ்சுல உக்காந்தவரு அப்படியே வேர்த்துக் கொட்டி, கையெல்லாம் நடுங்கி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாம முழிக்கிறாரு. வெறும் வயித்துல கோயில்ல தீர்த்தமாடிட்டு, காலையில இன்சுலின் மட்டும் போட்டிருக்காரு, சாப்பிடல, அதுல சர்க்கரை ரொம்ப இறங்கிருச்சு. கூட வந்தவங்க சோடா வாங்கட்டுமா விசிறட்டுமான்னு பதறுறாங்க. காக்கா ஒரு வார்த்த பேசல, பிழிஞ்சு வச்சிருந்த சாத்துக்குடி ஜூஸ்ல பரண்ல இருந்து சீனி எடுத்து ஒரு ஸ்பூன் கலக்கி, அரை கிளாஸ், ஐயா குடிங்க குடிங்கன்னு வாய்கிட்டயே வச்சாரு. முழுங்கிற நினைவு இருந்துச்சு, அதனால குடுத்தாரு, மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். பத்துப் பதினஞ்சு நிமிசத்துல அவரு எந்த ஊரு இதுன்னு கேட்டாரு. ரத்தத்துல சர்க்கரை 70க்குக் கீழ இறங்கினா 15 கிராம் வேகமான சர்க்கரை குடுத்து, 15 நிமிசம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும்னு எங்க டாக்டரம்மாவும் சொல்லியிருக்காங்க. அந்த நேரத்துக்குக் கொய்யாவும் பாலும் ஆகாது, அதுங்க மெதுவாத்தான் ஏறும். எந்த மெதுவுக்காக மத்த நாள்ல அதத் தேடுறோமோ, அன்னைக்கு அதே மெதுவு ஆபத்து. அந்தப் பெரியவருக்கு அப்புறம் இட்லி வரவழைச்சுக் குடுத்துத்தான் வேன்ல ஏத்தினாரு காக்கா, ஜூஸுக்குக் காசு வாங்கல.

பாலுக்கு வருவோம். எங்கப்பா கேட்ட கேள்வி எல்லாருக்கும் இருக்கும், பாலு இனிக்கவே இல்லையே அதுல எங்க இருந்து சர்க்கரை வந்துச்சு. இருக்கு, ஆனா அது லாக்டோஸ்னு பாலுக்கே உரிய தனிச் சர்க்கரை, சீனியோட இனிப்புல அஞ்சுல ஒரு பங்குகூடத் தேறாது, அதனால நாக்குக்குத் தெரியாது. மாட்டுப் பால் 100 மில்லியில 5 கிராமுக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கும், எருமைப் பாலும் ஏறக்குறைய அதே அளவு, தாய்ப்பால்ல 7 கிராம் பக்கம், பச்சப்புள்ளைக்கு அவ்வளவு வேணுமாம். ஆக ஒரு 200 மில்லி கிளாஸ் பால்ல 9, 10 கிராம். 100 கிராம் கொய்யாவுலயும் 9 கிராம். கணக்குல ரெண்டும் ஒண்ணு, ரெண்டேகால் டீஸ்பூன் சீனி மாதிரி. ஆனா கூட வர்ற ஆளுங்க வேற. கொய்யாகூட நாரும் வைட்டமின் சியும் வருது, பால்கூட 6, 7 கிராம் புரதம், கொழுப்பு, நல்ல அளவு கால்சியம் வருது, அந்தப் புரதமும் கொழுப்பும் சேந்து வயித்துல இருந்து மெதுவா இறக்கிவிடுது. லாக்டோஸ் குடல்ல குளுக்கோஸ் பாதி, காலக்டோஸ் பாதின்னு உடையும், அந்தக் காலக்டோஸ் ஈரல் வழியா போய்த்தான் ஆகணும், அதுவும் ஒரு தாமதம். பழத்துல இருக்கிற ஃப்ரக்டோஸும் ஈரலுக்குத்தான் போகுது, அளவா பழமா போனா தொந்தரவில்ல, பாகாவும் குளிர்பானமாவும் கணக்கில்லாம போனாத்தான் ஈரல்ல கொழுப்பாத் தங்கும்.

வீட்ல நானே ஒரு வாரம் மெஷின வச்சுப் பாத்தேன், எல்லா நாளும் காலையில வெறும் வயித்துல 130 சொச்சம் இருக்கிறப்ப. ஒரு கொய்யா தின்னு ஒரு மணி நேரத்துல 164. ஒரு கிளாஸ் வெறும் பால், 158. சீனியே போடாத முழு கிளாஸ் சாத்துக்குடி ஜூஸ், 223. இது எங்கப்பா ஒருத்தரோட உடம்பு, உங்க வீட்ல வேற மாதிரி வரலாம், மெஷின் இருந்தா நீங்களே பாருங்க, அடுத்தவங்க சொல்றத விட அந்த நம்பர் சொல்றது நல்லாப் புரியும்.

கடையில பால் காலையிலயும் சாயங்காலமும் பக்கத்து ஊர்ல இருந்து கறந்து வருது, தண்ணி ஊத்தாத பால், காய்ச்சினா மேல ஏடு கட்டும். கொழுப்பு ஜாஸ்தின்னு பயப்படுறவங்க பாக்கெட் பால்ல ஆவின் நீலம் 3 சதம், பச்சை 4.5, ஆரஞ்சு 6ன்னு கொழுப்பு பாத்து வாங்கலாம், ஆனா சர்க்கரை மூணுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், கொழுப்பு எடுத்த பால்னா சர்க்கரையும் எடுத்தாச்சுன்னு நெனைக்காதீங்க. சாயங்காலம் சுண்டக் காய்ச்சின பால்னு ஒண்ணு குடுப்பாரு, மணமா இருக்கும், கூட்டமே அதுக்குத்தான். பாதியாச் சுண்டுனா ஒரு கிளாஸ்ல ரெண்டு கிளாஸ் பாலோட லாக்டோஸ் இருக்குன்னு அர்த்தம், அதனால சுகர்காரங்க அரை கிளாஸ் கேளுங்க, அரை கிளாஸுக்கு அரைக் காசுதான் வாங்குறாரு. எங்க அத்தைக்குப் பால் குடிச்சாலே வயிறு உப்பும், பேதியாகும், லாக்டோஸ உடைக்கிற நொதி வயசாக வயசாக நெறையப் பேருக்குக் குறைஞ்சு போகும், அத்தைக்கு அதுதான். அவுகளுக்கு இங்க மோர், தயிர் உறையிறப்ப கொஞ்சம் லாக்டோஸ் புளிப்பா மாறிருது, தண்ணி வேற சேருது, வயித்துக்கு ஒண்ணும் பண்றதில்ல. இஞ்சி, கருவேப்பிலை, ஒரு கல்லு உப்பு, நல்ல மோர். வெயில் நேரத்துல ராமேஸ்வரம் போறவங்க இத ஒரு பாட்டில் வாங்கிட்டே போகலாம்.

மில்க் ஷேக்கு நான் சிபாரிசு பண்ணமாட்டேன், அது காக்கா கடையா இருந்தாலும். சீனி கேட்டா போட்டுத் தருவாரு, பக்கத்து பெஞ்சுல காலேஜ் பிள்ளைங்க கேட்டு வாங்குறத எண்ணிப் பாத்தேன். ஒரு வாழைப்பழம் 13 கிராம், 150 மில்லி பால் 7 கிராம், இதுவரைக்கும் 20, இதுல தப்பே இல்ல. அதுக்கு மேல சீனி நாலு டீஸ்பூன், 16 கிராம், ஒரு கரண்டி ஐஸ்கிரீம், அது ஒரு 10, 12. அன்னைக்கு நாள் முழுக்கச் சேத்து இருக்கவேண்டிய 25 கிராம் அந்த ஒத்தக் கிளாஸ்லயே தாண்டிப் போச்சு. பழமும் பாலும் போதும் தம்பி, இனிப்பு இருக்குல்லன்னு ஒரு பையன்கிட்ட சொன்னேன், அடுத்த தடவை சீனியில்லாம கேட்டான், எனக்கு அன்னைக்கு முழுக்கச் சந்தோசம்.

இந்தக் கடையில எனக்கு இருந்த ஒரே பெரிய சண்டை பேரீச்சம்பழப் பாலுக்குத்தான். கீழக்கரைன்னா வளைகுடா போகாத வீடு கம்மி, நல்ல பேரீச்சை தேடி வந்துரும், அத ஊற வச்சுப் பால்ல அடிச்சுக் குடுக்கிறாரு, ருசியில குறை சொல்லவே முடியாது. ஆனா அட்டையில சாக்பீஸ்ல சுகர் ஃப்ரீன்னு எழுதி வச்சிருந்தாரு. காக்கா, இது சீனி போடாததுதான், சர்க்கரை இல்லாதது இல்லையேன்னேன். சின்ன பேரீச்சை ஒண்ணுல 4, 5 கிராம் சர்க்கரை, மெட்ஜூல்னு பெரிய ரகம் இருக்கு, அது ஒண்ணுல மட்டும் 16. நாலு சின்னப் பழம் பாலோட சேந்தா 27, 28 கிராம் வந்துருது. உங்க உம்மா மாதிரி ஒருத்தங்க அந்த அட்டைய நம்பி ரெண்டு கிளாஸ் குடிச்சா என்ன ஆகும்னு கேட்டேன். அவரு கோவிச்சுக்குவாருன்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் அட்டையவே பாத்துக்கிட்டு நின்னாரு, அப்புறம் ஈரத்துணியால அழிச்சுட்டு, சீனி சேக்கல, பேரீச்சை இனிப்பு உண்டுன்னு எழுதினாரு. இப்பவும் அந்த வரிதான் இருக்கு, போனா பாருங்க.

கருப்பட்டிப் பாலும் கிடைக்கும். பனைக்காட்டுல பொறந்து வளந்தவ நான், கருப்பட்டி மேல எனக்கு இருக்கிற பாசம் யாருக்கும் குறைஞ்சதில்ல, அதுல கொஞ்சம் தாதுச்சத்து இருக்கிறதையும் இல்லன்னு சொல்லல, ஆனா பதனீரே 10ல இருந்து 12 சதம் வரைக்கும் சர்க்கரை, அதக் காய்ச்சி இறுக்குனா வர்றதுதான் கருப்பட்டி, பெரும்பகுதி சீனியில இருக்கிற அதே சுக்ரோஸ். சுகர் இல்லாதவங்க வாரத்துல ஒரு நாள் குடிங்க, ரொம்ப நல்லா இருக்கும். சுகர்காரங்க கருப்பட்டின்னா பரவாயில்லன்னு குடிக்காதீங்க, எங்க வீட்டு 8.6 அதுக்குச் சாட்சி. ஃபிரிட்ஜ்ல பாட்டில் ரோஸ்மில்க்கும் இருக்கு, அத எடுக்கிறதுக்கு முன்னாடி பின்னால திருப்பி மொத்தச் சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரைன்னு ரெண்டு வரி இருக்கும், படிங்க. 200 மில்லியில மொத்தம் 10 கிராம் இருந்தா அது பாலோடது, அதுக்கு மேல இருக்கிறது பூராவும் ஃபேக்டரியில போட்ட சீனி.

குறையும் சொல்லணும். சனி ஞாயிறு டூரிஸ்ட் வேன் வரிசையா நிக்கும், அப்ப ஒத்தாசைக்கு வர்ற பையன் அவசரத்துல சீனி போட்டுர்றான், ஒரு தடவை எங்களுக்கே அப்படி வந்து திருப்பிக் குடுத்தோம், காக்கா வேற போட்டுத் தந்தாரு, இருந்தாலும் கூட்ட நாள்ல கண்ணு முன்னாடி நின்னு வாங்குங்க. வெட்டி வச்ச தர்பூசணித் தட்டு மதியத்துக்கு மேல வாங்காதீங்க, வலை போட்டு மூடுறாரு ஆனாலும் ஈ சுத்துது, புதுசா கீறச் சொன்னா கீறித் தருவாரு. கிளாஸ் கழுவுற வாளித் தண்ணிய இன்னும் அடிக்கடி மாத்தலாம், இத நேர்லயும் சொல்லியிருக்கேன். மாதுளை விலை ஜாஸ்தி. பாத்ரூம் கிடையாது. வண்டி நிறுத்த நிழல் ஒரு பத்து வண்டிக்குத்தான்.

கொய்யாத் தட்டு 30 ரூவா, பப்பாளி 30, வெறும் பால் 20, மோர் 15, பேரீச்சம்பழப் பால் 60. சுகர் இருக்கிறவங்க போனா ஒண்ணு பழம் எடுங்க, இல்ல பால் எடுங்க, ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு மணி நேரமாவது விடுங்க, சோத்துக்கு மேல உடனே பழம் வேணாம். இன்சுலின் போடுறவங்க, கிட்னி தொந்தரவு இருக்கிறவங்க அளவ டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. அப்பாவுக்குப் போன மாசம் 7.1. மாத்திரை, காலையில பாம்பன் ரோட்ல நடக்கிற நடை, சோறு பாதியானது எல்லாம் சேந்துதான், கொய்யாவும் பாலும் மட்டும் பண்ணுச்சுன்னு சொல்லமாட்டேன், ஆனா அதுங்கள வச்சுக்கிட்டே இறங்கியிருக்கு. புண்ணும் ஆறிருச்சு. இப்ப சாயங்காலம் அஞ்சு மணி ஆச்சுன்னா சட்டையப் போட்டுக்கிட்டுத் திண்ணையில உக்காந்துருவாக, கெளம்புவமாத்தான்னு ஒரு வார்த்தை. அங்க போய் அரை கிளாஸ் பாலக் கையில வச்சுக்கிட்டு ரோட்ல போற வண்டியப் பாத்துக்கிட்டு, ஏட்ட மொதல்ல ஒதுக்கி வச்சு கடைசியா எடுத்துச் சாப்பிடுவாக.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குக் கடை ரெண்டு மணி நேரம் அடைச்சிருக்கும். நுங்கு வர ஆரம்பிச்சதும் எங்களுக்கு ஒரு குலை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கோம், சீனிப்பால் ஊத்தாம வெறும் நுங்கா தர்றேன்னு சொல்லியிருக்காரு, அதையும் மெஷின்ல குத்திப் பாத்துட்டு எழுதுறேன்.